கடலைப் பார்த்த சுவர்

விருந்தாளி வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவளுடைய கடிதம் வந்துவிட்டது. கடிதமா அது! நம்பர் போட்டுப் பதினான்கு கேள்விகள். எந்த மாதிரி உடுத்தினால் உங்கள் ஊரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்? படம் எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அடுப்படிக்குள் வரலாமா? படகைத் தொடலாமா? வலை காயும் இடத்தில் நடக்கலாமா? நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவினால் வருத்தப்படுவீர்களா?

வீட்டுக்காரி இதை உரக்கப் படித்துக் காட்டியபோது அவள் புருஷன் படகுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க” என்றார். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, இரண்டு பேருக்குமே உள்ளூரக் குளிர்ந்துதான் போயிருந்தது. மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களைத்தானே இதுவரைக்கும் பார்த்திருக்கிறார்கள்.

கடலோர ஊர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை மீன்பிடிக்கிறவர்கள் வீட்டிலேயே தங்கவைப்பது என்று ஒரு பயண அலுவலகம் திட்டம் போட்டிருந்தது. அலுவலகத்து ஆட்கள் ஊரில் பத்து வீடு ஏறி இறங்கி, கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, கடைசியில் இந்த வீட்டைத்தான் எடுத்தார்கள். எடுக்கவைக்காமல் விட்டுவிடுவாளா? வீட்டுக்காரி ஒற்றைக்காலில் நின்றாளே. அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெத்தை வெயிலுக்குப் போனது, ஜன்னல் கம்பியெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்பட்டது, மீன் வெட்டுகிற பலகை கொல்லையின் அந்தக் கோடிக்கு நாடு கடத்தப்பட்டது.

கடிதத்தின் பதினான்காவது மட்டும் கேள்வியில்லை. ‘எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். இருப்பது இருப்பது போலவே இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தாள்.

“மரியாதை தெரிஞ்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க. அதுக்காக நாம சட்டி பானையோட உக்காந்திருக்க முடியுமா?” என்றாள் வீட்டுக்காரி.

அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு சுவர்மேல் கண். வீட்டின் முன்பக்கம் தெருவைப் பார்த்தது, பின்பக்கம் கடலைப் பார்த்தது. முன்பக்கச் சுவரில் படகுக்காரர் ஒரு நாளும் பிரஷ் வைத்ததில்லை. பின் சுவருக்கு மட்டும் வருஷா வருஷம், காற்று மாறுவதற்கு முன்னால், மஞ்சள் பெயிண்ட் அடிப்பார். சாதாரண மஞ்சளா? கண்ணைக் குத்துகிற மஞ்சள். இத்தனைக்கும் அவருடைய படகு நீலம். அதில் ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது. சுவருக்கென்றே தனியாக வாங்கி வருவார்.

“ஏங்க, நம்ம வீடு நண்டுக்கு மட்டும் அழகாத் தெரிஞ்சாப் போதுமா?” என்று அவள் கேட்காத வருஷம் இல்லை.

“கெடந்துட்டுப் போகுது, விடு” என்பார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அதுதான் பதில். மீதிப் பாதிக்குப் பதிலே கிடையாது.

விருந்தாளிக்கு ஒதுக்கிய அறை பின்பக்கம். வந்தவள் வெளியே நாற்காலி போட்டு உட்காரப்போவது அந்தச் சுவரடியில்தான். படம் எடுத்தால் அதில் விழப்போவதும் அந்தச் செதில் செதிலாய் உரிந்த மஞ்சள்தான். நினைக்க நினைக்க அவளுக்கு மானம் போனது.

திங்கட்கிழமை விடியற்காலையில் படகு கிளம்பியது. படகில் இரண்டே பேர். சுக்கான் பிடிப்பது படகுக்காரர், முன்னால் நிற்பது வீட்டுக்காரியின் தம்பி. ஏழு வருஷமாக அத்தானோடுதான் தொழிலுக்குப் போகிறான். “புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். விருந்தாளிக்குப் புது மீன் நானே கொண்டாறேன், வெளிய வாங்கி வைக்காத” என்று படகுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

“அக்கா, மீன் மொறைச்சுப் பாத்தாப் பரவாயில்லையான்னு அவங்ககிட்டக் கேட்டு வை. பதினஞ்சாவதா எழுதிக்கச் சொல்லு” என்றான் தம்பி. அவன் வாய் எப்போதும் அப்படித்தான்.

படகு கண்ணுக்கு மறைந்ததோ இல்லையோ, வீட்டுக்காரி இரண்டு டப்பா வெள்ளை பெயிண்ட்டோடு பின்பக்கம் போய் நின்றாள். கூடவே தம்பி பெண்டாட்டி. அவளைத் தெருவே சின்னவள் என்றுதான் கூப்பிடும். கல்யாணமாகி மூன்று வருஷம், அதே வரிசையில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். ஏணியில் ஏறியது சின்னவள், கீழே நின்று அதிகாரம் செய்தது நாத்தனார். திங்கள் ஒரு பூச்சு, செவ்வாய் காலையில் ஒரு பூச்சு. இரண்டு பேருக்கும் தலைமுடியெல்லாம் வெள்ளை.

“அண்ணி, இப்பவே கிழவியாயிட்டீங்க.”

“நீ மட்டும் என்ன, குமரியா? கண்ணாடியப் போய்ப் பாருடி.”

மஞ்சள் முழுசாக மறைந்ததும் வீட்டுக்காரி தூரப் போய் நின்று பார்த்தாள். அவளுக்கே அவள் வீடு புதுசாய் இருந்தது. புருஷன் வந்து வாயைப் பிளக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். சாமான் கொட்டகையில் போன வருஷத்து மஞ்சள் முக்கால் டப்பா மிச்சம் இருந்தது. சின்னவள் அதைத் தூக்கிப் பார்த்து, “இதைக் கொட்டவா போறீங்க? எங்க பின் சுவர் வெறும் சிமெண்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது. குடுங்க” என்றாள்.

“எடுத்துட்டுப் போடி தாயே, சனியன் விட்டுது.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் சின்னவள் தன் வீட்டுப் பின் சுவருக்கு அடித்து முடித்துவிட்டாள். இளசு அல்லவா, கை வேகம்.

புதன்கிழமை காலையில் கடல்மேல் பனிமூட்டம் போட்டிருந்தது. ஒன்பது மணி பஸ்ஸில் விருந்தாளி வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை, மண் நிறத்தில் ஒரு பாவாடை, பளிச்சென்று ஒன்றும் இல்லை. வாசலில் நின்று, “செருப்பை எங்க விடணும்?” என்று கேட்டாள். உள்ளே வந்து, “எங்க உக்காரலாம்?” என்று கேட்டாள். தண்ணீர் குடித்து, சொம்பை எங்கே வைப்பது என்றும் கேட்டாள். வீட்டுக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, பிடித்தும் போனது. இவ்வளவு அடக்கமாக ஒரு ஆள் தன் வீட்டுக்குள் நடமாடுவதை அவள் பார்த்ததே இல்லை.

பின்பக்கம் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். விருந்தாளி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

“எனக்காக அடிச்சீங்களா?” என்றாள், கொஞ்சம் சங்கடத்தோடு.

“சேச்சே, எப்படியும் அடிக்க வேண்டியதுதான்” என்று வீட்டுக்காரி கூசாமல் புளுகினாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வந்தார். படகுக்காரருக்கு அண்ணன். முதுகு போகிற வரைக்கும் தம்பியோடு ஒரே படகில் இருந்தவர், இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை. விருந்தாளியைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். விருந்தாளி எழுந்து வணக்கம் சொன்னது அவர் காதில் விழவில்லை.

“ஏம்மா, இந்தச் சுவத்துல மஞ்ச இருந்துதே?”

“இருந்துது பெரியத்தான். ஒழிச்சுக் கட்டிட்டோம். எப்படி, பளிச்சுனு இருக்கா?”

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. “அவன் உன்கிட்டச் சொன்னதே இல்லையா?” என்றார்.

“என்னத்தை?”

அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துதான் சொன்னார். கரைக்கு எதிரே கடலுக்குள் நீளமாக ஒரு பாறை வரிசை கிடக்கிறது. மற்றப் படகெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு வரும். அதற்கு ஒரு மணி நேரம் கூடுதல். பாறைகளுக்கு நடுவே, ஒரு படகு நுழைகிற அகலத்தில் ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் இந்த அண்ணனும் தம்பியும்தான். அந்த வழியாக வந்தால் சந்தைக்கு முதல் மீன் இவர்களுடையது. அதனால் வெளியே மூச்சுவிடவில்லை. அந்த இடைவெளிக்கு அடையாளம் இந்தச் சுவர். ஐஸ் கம்பெனியின் உயரமான தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதற்கு நேர் கீழே மஞ்சள் சுவர் வந்து நின்றால் இடைவெளி நேர் எதிரில் இருக்கிறது என்று அர்த்தம். மூட்டத்திலும் தொட்டியின் தலை மேலே தெரியும், கீழே மற்ற வீடெல்லாம் ஒரே சாம்பலாய்க் கிடந்தாலும் மஞ்சள் மட்டும் தெரியும்.

“மச்சான்கிட்டகூடச் சொல்லல அவன். அடையாளத்தை வெளிய விட மாட்டோம்மா. அது எங்க தொழில் புத்தி. நீ கேட்டப்போ என்ன சொன்னான்?”

“கெடந்துட்டுப் போகுதுன்னு சொன்னாரு” என்றாள் வீட்டுக்காரி. இருபத்திரண்டு வருஷம் ஒரே தலையணையில் படுத்தவர், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

போன் போட்டுப் பார்த்தாள். படகில் போனை அணைத்து, பாலித்தீன் பையில் சுற்றி, பெட்டிக்குள் போட்டுவிடுவது அவர் வழக்கம். அது தெரிந்தும் ஏழு தடவை போட்டாள்.

பெரியவர் கொஞ்சம் தெளிந்து பேசினார். “பதறாத. மஞ்ச தெரியலேன்னா அவன் உள்ள வர மாட்டான். வெளியவே நங்கூரத்தைப் போட்டுட்டு மூட்டம் கலையிறவரைக்கும் கெடப்பான், இல்லேன்னா சுத்திக்கிட்டு வருவான். அவன் ஒண்ணும் மடையன் இல்ல. விருந்தாளிக்கு மீன் லேட்டாகும், அவ்வளவுதான்.”

போன உயிர் திரும்பி வந்தது வீட்டுக்காரிக்கு. இழுத்து ஒரு மூச்சுவிட்டாள். விருந்தாளியைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புகூடச் சிரித்தாள்.

அப்போதுதான் சின்னவள் வந்தாள். கையில் மூடிபோட்ட தட்டு, வாயெல்லாம் பல். “என்ன எல்லாரும் அண்ணி சுவத்தையே பாக்குறீங்க? மாமா, எங்க சுவத்தப் பாத்தீங்களா? மிச்சமிருந்த மஞ்சளைப் பூரா நேத்து அதுக்குத்தான் அடிச்சேன்.”

பெரியவர் எழுந்தார். முதுகு போனவர் அவ்வளவு வேகமாக எழுந்ததை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“மூடணும். அதை இப்பவே மூடணும். அவன் கண்ணுக்கு மஞ்ச கெடைக்கும், தொட்டியையும் அதையும் ஒண்ணாச் சேத்துடுவான். இங்க ரெண்டு வீடு தள்ளினா அங்க எவ்வளவு தள்ளும் தெரியுமா? நேராப் பாறை மேல கொண்டுபோய் விட்டுடும்!”

மணி பத்தே முக்கால். படகில் போய் மறிக்கலாம் என்றால் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போகவே ஒரு மணி நேரம் ஆகும். சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, தட்டைப் பிடித்தபடியே நின்றாள். வீட்டுக்காரிதான் ஓடினாள். வெள்ளை பெயிண்ட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லை, இரண்டு டப்பாவையும் வழித்து வழித்து அடித்தாயிற்று. தன் சுவரில் எதையாவது மஞ்சளாகத் தொங்கவிடலாம் என்றால் வீடு முழுக்கத் தேடியும் ஒரு துணி இல்லை. விருந்தாளி தன் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினாள். சாம்பல், மண், கறுப்பு, மங்கல் பச்சை. யார் கண்ணையும் உறுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எடுத்து வந்த உடைகள்.

கழிப்பறைப் பக்கம் தெளிக்க வைத்திருந்த சுண்ணாம்பு அரை மூட்டை இருந்தது. வாளியில் கரைத்துக்கொண்டு சின்னவள் வீட்டுப் பின்பக்கம் ஓடினார்கள். அடித்தார்கள். சுண்ணாம்பு காய்ந்தால்தானே வெள்ளை? ஈரத்தில் வெறும் தண்ணீர். அதுவும் பளபளவென்ற பெயிண்ட் மேல் எங்கே நிற்கும்? வழுக்கிக்கொண்டு கீழே வடிந்தது. அடிக்க அடிக்க மஞ்சள் கழுவிவிட்ட மாதிரி இன்னும் பளிச்சென்று ஆனது.

“தார்ப்பாய்! தார்ப்பாயைக் கொண்டு வாங்க!” என்று பெரியவர் கத்தினார்.

“நான் உதவலாமா?” என்றாள் விருந்தாளி.

“கேக்காதீங்கம்மா, பிடிங்க!” என்று வீட்டுக்காரி அலறினாள். அதன்பிறகு விருந்தாளி எதையும் கேட்கவில்லை. ஏணியில் ஏறினாள், தார்ப்பாயின் ஒரு முனையைக் கூரை விளிம்பில் பிடித்துக்கொண்டு தொங்கினாள். காற்று உள்ளே புகுந்து தார்ப்பாயைத் தூக்கி அடித்தது. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்துகொண்டது. கட்டுவதற்கு ஒரு ஆணிகூட அந்தப் புதுச் சுவரில் இல்லை. சின்னவள் தரையில் உட்கார்ந்து கீழ் விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள். “வர வேண்டாம், வர வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றரைக்கு என்ஜின் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கும் முன்னாலேயே. விருந்தாளிக்குப் புது மீன் வேண்டுமே!

பெரியவர் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கிக் கையை ஆட்டிக் கத்தினார். மூட்டத்தில் அவர் எங்கே தெரியப் போகிறார், என்ஜினுக்கு மேல் அவர் குரல் எங்கே கேட்கப் போகிறது. வீட்டுக்காரி தார்ப்பாயை விடாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். படகு தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். சத்தம் மெதுவானது. இழைந்தது. அவர் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கடவுளே, கிடைக்கக் கூடாது, இந்த ஒரு தடவை அவர் கண் அவிந்து போகட்டும் என்று வேண்டினாள். எந்தப் பெண்டாட்டியாவது அப்படி வேண்டுவாளா? அவள் வேண்டினாள்.

காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. கூரை விளிம்பில் கை கிழிந்து விருந்தாளி ஏணியோடு சாய்ந்தாள். சுவர் முழுக்கத் திறந்தது.

என்ஜின் சத்தம் ஒரேயடியாக ஏறியது. திருப்பிவிட்டு வேகம் கொடுக்கிற சத்தம். தண்ணீருக்குள் நின்ற பெரியவர் கையை இறக்கினார். அப்புறம் ஒரு சத்தம், அதிகம் இல்லை, பலகை உடைகிற மாதிரி. அதோடு என்ஜின் நின்றது.

ஊரே ஓடி வந்தது. சுற்றிப் போகிற படகுகளால் சுற்றிக்கொண்டுதான் போக முடிந்தது. பாறைப் பக்கம் நெருங்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. படகுக்காரரை, அவர் கட்டிப் பிடித்து மிதந்த டீசல் கேனோடு சேர்த்துத் தூக்கி வந்தார்கள். காது ஓரம் கிழிந்திருந்தது, ஒரு கை தொங்கியது, நினைவு இருந்தது. மணலில் படுக்கவைத்ததும் அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார், “மஞ்சளப் பாத்துத்தான் திருப்பினேன். சத்தியமா மஞ்ச தெரிஞ்சுது. தொட்டிக்கு நேர் கீழதான் இருந்துது.”

“என் தம்பி எங்க?” என்று வீட்டுக்காரி கேட்டாள்.

“முன்னாலதான் நின்னான்” என்றார் அவர்.

தம்பியை மறுநாள் காலையில் கொண்டுவந்தார்கள்.

விருந்தாளி மூன்று நாள் இருந்தாள். அந்தப் பதினான்கில் இதற்கு ஒன்றும் இல்லை, போவதா இருப்பதா என்றுகூட இல்லை. கட்டுப்போட்ட கையோடு தண்ணீர் சுமந்தாள், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள், படம் எடுக்கிற கருவியைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. கிளம்புகிற அன்று வாசலில் நின்று அழுதாள். “நான் வராம இருந்திருந்தா…” என்றாள்.

“நீங்க என்னம்மா பண்ணுவீங்க. எதையும் மாத்தாதீங்கன்னு எழுதித்தான குடுத்தீங்க? நான்தான் படிச்சேன். சத்தம் போட்டு வேற படிச்சேன்” என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு விருந்தாளிமேல் கோபம் வரவில்லை. வந்தாலாவது தேவலை என்று இருந்தது. பஸ் வரைக்கும் கூடப் போனாள், பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.

வீட்டில் படகுக்காரர் கையைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் போகவே இல்லை. அவள் சோற்றை வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. “ஏன் அடிச்ச?” என்று அவர் ஒரு தடவை கேட்டுவிடட்டும், பதிலுக்கு “ஏன் சொல்லல?” என்று கேட்டுவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ஒரு நாள் அவளாகவே தொடங்கினாள். “நான் கேட்டப்பல்லாம் கெடந்துட்டுப் போகுதுன்னு சொன்னீங்களே” என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இனிமேல் இந்த வீட்டில் இப்படித்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பத்தாம் நாள் காலையில் இரண்டு வீடு தள்ளி ஒரு சத்தம். சரக், சரக் என்று. மீன் செதில் சுரண்டுகிற சத்தம் மாதிரி இருந்தது, ஆனால் மீன் எங்கே, அடுப்பே எரியாத வீடு அது. வீட்டுக்காரி பின்பக்கமாகப் போய்ப் பார்த்தாள். சின்னவள் ஏணியில் நின்று, செதில் சுரண்டுகிற கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு முழம் அளவுக்குச் சிமெண்டு தெரிந்தது. விரல் நுனியெல்லாம் ரத்தம்.

வீட்டுக்காரி திரும்பிப் போய்த் தன் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். கீழே, கை எட்டுகிற இடத்தில் சுரண்டத் தொடங்கினாள். மேலே சத்தம் நின்றது.

“போயிடுங்க அண்ணி.”

“தனியா எவ்வளவு நாள்டி சுரண்டுவ? தள்ளு, நானும் செய்யறேன். நான்தான டப்பாவைக் குடுத்தேன்? என்னைத் திட்டு. வாய்விட்டுத் திட்டிடேன், நான் பொறுத்துக்கறேன்.”

சின்னவள் கீழே பார்த்தாள். கண்ணில் கண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. அதைத்தான் வீட்டுக்காரியால் தாங்க முடியவில்லை.

“குடுத்தது நீங்க. அடிச்சது நான். ஒரு எடம் விடாம, மூலை முடுக்கெல்லாம் பாத்துப் பாத்து அடிச்சேன். அவரு தூரத்துலேருந்தே பாக்கணும்னுதான் அண்ணி அடிச்சேன்.”

சொல்லிவிட்டு மறுபடியும் சுரண்டத் தொடங்கினாள். வீட்டுக்காரி கத்தியைக் கையில் பிடித்தபடி ஏணியடியிலேயே நின்றாள். போகவும் முடியவில்லை, சுரண்டவும் முடியவில்லை. மஞ்சள் பொருக்கு அவள் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.